ஐந்தாவது மெழுகுவர்த்தி

எர்ஸுரும் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
லிஃப்ட் பழுது.
நெஜ்மெத்தின் படியேறி வந்து சேர
இருபத்தைந்து நிமிடம்.
முன்னால் ஓடி வந்துவிட்ட மகள் ஸோஸான்
கதவைத் தட்டிச் சொன்னாள்:
"அப்பா வந்துகொண்டே இருக்கிறார்."

முப்பத்தாறு வயது.
வாயில் குழாய், மூக்கில் கிளிப்.
ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க,
நிறுத்தாதீங்க, இன்னும், இன்னும்.
நாளுக்கு நாற்பது பேரிடம் இப்படிக் கத்தி
சாயங்காலம் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

மூச்சு என்பது ஒரு கொடுக்கல் வாங்கல்.
நெஞ்சுக்குள் முப்பது கோடிக் குமிழ்,
ஒவ்வொன்றையும் ரத்த வலை போர்த்தியிருக்கும்.
நடுவே ஒரு சுவர்,
வெங்காயச் சருகு அதன் முன்னால் கம்பளி.
ரத்தம் வரும்,
கரியமில வாயுவை இறக்கும்,
ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போகும்.
பேரமில்லை, ரசீதில்லை.
ஆ என்று ஒரு நெடிலைச் சொல்லி முடிக்கும் நேரம்.

பதினாறு வயதில் அவர் இஸ்தான்புல் போனார்,
அண்ணன் வெய்ஸெலோடு.
தரைக்கடியில் ஓர் அறை, ஜன்னலுக்கு நைலான் தாள்.
புத்தம்புது ஜீன்ஸ்மீது மணலைப் பீய்ச்சும் வேலை,
தொடையில் கொஞ்சம், முட்டியில் கொஞ்சம்,
வெளுத்துப் போகும்வரை.
"யாரோ பாடுபட்டுப் போட்ட துணி மாதிரி
தெரியணுமாம்" என்றார்.
சிரிக்கப் போய் இருமினார்.
இரவில் அங்கேயே படுக்கை.
மெஷின் நின்றாலும் தூசி நிற்காது.
தூங்குகிறவன் எப்படி மூச்சை மூடுவான்?

பெரிய தூசியை மூக்கு பிடித்துவிடும்.
இது மாவைவிட நைசு,
கடைசிக் குமிழ்வரை போகும்.
அங்கே காவலுக்கு ஒரு செல் உண்டு,
எது வந்தாலும் விழுங்கும்.
மணலை விழுங்கும், செரிக்காது, சாகும்.
செத்ததன் வயிற்றிலிருந்து
அதே மணல் வெளியே வரும்.
அடுத்த காவல் வந்து விழுங்கும்.
பட்டறையை விட்டுப் பதினெட்டு வருடம்,
உள்ளே இன்னும் ஷிஃப்ட் மாறிக்கொண்டிருக்கிறது.
சாவுக்கொரு தழும்பு.
சருகு தோலாயிற்று, தோல் செருப்படியாயிற்று.
இந்தப் பக்கம் ஆக்சிஜன் நிற்கிறது,
அந்தப் பக்கம் ரத்தம் வந்து பார்த்துவிட்டு
வெறுங்கையோடு போகிறது.

வெய்ஸெல் போன வருடம்.

அன்று காலை வந்தவன் ஆறு வயதுப் பையன், ஆஸ்துமா.
குழந்தைகளுக்கான படத்தைத்
திரையிலிருந்து மாற்ற மறந்திருந்தேன்:
ஒரு கேக், எட்டு மெழுகுவர்த்தி.
ஸோஸான் பார்த்துவிட்டாள்.
மாற்றவே விடவில்லை.

முதல் ஊதலில் மூன்று அணைந்தன.
இரண்டாவதிலும் மூன்றுதான்,
நான்காவது சாய்ந்து
யோசித்து
நிமிர்ந்துகொண்டது.
"ஊதுப்பா" என்றாள் அவள், என் குரலில்.

இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர்
குறைத்து ஊதப் பார்ப்பார்கள்.
ஓய்வூதியத்துக்கு ஒரு கோடு இருக்கிறது,
எண் அதற்குக் கீழே விழ வேண்டும்.
திருட்டு மூச்சு தெரிந்துவிடும், வளைவு நடுங்கும்.
கோடு எங்கே என்று இவருக்கும் தெரியும்.
வந்ததும் அதைத்தான் கேட்டார்.

மூன்றாவது முறை
மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
கழுத்து நரம்பு புடைக்க,
உதடு கத்தரிப்பூ நிறமாக,
இல்லாத மூச்சை
எங்கிருந்தோ கைமாற்று வாங்கி
ஊதினார்.
ஐந்து அணைந்தன.
அவள் கை தட்டினாள்.

மூன்றில் எது சிறந்ததோ அதை எழுத வேண்டும்.
அதுதான் விதி.
எண், கோட்டுக்கு இரண்டு மேலே.

நான் அவரைப் பார்த்தேன்.
அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சில நொடிகளுக்கு அந்த அறையில்
மூச்சுவிட மறந்தவள் நான் ஒருத்திதான்.
"இன்னொரு தடவை ஊதுறீங்களா?" என்றேன்,
வேண்டுமென்றே, மெல்ல.
கோட்டை மாட்டிக்கொண்டே தலையசைத்தார்.
"அஞ்சு. அப்படியே இருக்கட்டும்."

போய்விட்டார்கள்.
படிக்கட்டில் கேட்கிறது:
நாலு படி, ஓய்வு, நாலு படி.
மகள் ஒவ்வொரு ஓய்விலும் எண்களைச் சொல்கிறாள்.
வெளியே பனி.
சேமிக்கவா, அழிக்கவா என்று கேட்டபடி
திரை ஒளிர்கிறது.
அவர் கீழே இறங்கிச் சேர
கால் மணி நேரமாவது ஆகும்.
அதுவரை எனக்கு அவகாசம் இருக்கிறது.